இரண்டு விரல்

பின்னால் நடந்துதான் தப்பிக்கிறது சில்லறை.
முன்னால் இழுக்கிற நாய்க்கு
கடை நிறையச் சாமான் இருக்கிறது.
இது நாலு காலையும் ஊன்றித்
தலையை உள்ளிழுத்து
இறுக்கமான பனியனைக் கழற்றும் பையன் மாதிரி
ஒரு முழங்கை, இன்னொரு முழங்கை,
அவ்வளவுதான்.
என் கையில் மிச்சம்
நாய் அளவுக்குக் கொஞ்சம் காற்று.

ஐம்பது ரூபாய்க்கு மீதி இல்லையென்று
நாள் கடத்திக்கொண்டே வந்த
காட்பாடி டீக்கடைக்காரர்
கடைசியில் ஒரு குட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.
அதனால் அந்தப் பெயர்.
கழுத்தைவிடத் தலை சிறுத்த சாதி,
ஆழமான நெஞ்சு, ஒரு பிடி இடுப்பு.
காலர் இதற்கு நகை.
இஷ்டமிருந்தால் போட்டுக்கொள்ளும்.

முதல் ஹார்னஸ் லாங் பஜாரில் வாங்கியது.
சிவப்பு, முந்நூற்று இருபது ரூபாய்.
கிரீன் சர்க்கிளில் ஒரே ஒரு லாரி ஹாரன்.
இரண்டாவதை சத்துவாச்சாரியில்
"யானையைக் கட்டலாம் மேடம்" என்று விற்றார்கள்.
யானையைக் கட்டலாம்தான்.

கோட்டை அகழிப் பக்கம்
யாரோ ஒருவரின் கடைசி ஊர்வலத்தில் சரவெடி.
சாலையின் அந்தப் பக்கம் நின்று
திரும்பிப் பார்த்தது என்னை.
ஓடியிருந்தால் துரத்தியிருப்பேன்.
நிற்கிற நாயை நோக்கி எப்படி நடப்பது?
பேருந்துகள் எங்களுக்கு நடுவே போக
குத்தவைத்து உட்கார்ந்து
வெறும் கையை மூடி
பிஸ்கட் பிஸ்கட் என்று பொய் சொன்னேன்.
பொய் என்று அதற்கும் தெரியும்.
வந்தது.

நான் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள்.
காலை ஆறிலிருந்து
வங்காளத்துக் கை, சித்தூர்க் கை,
தூங்குகிற குழந்தையின் கை என்று
ரப்பர் நாடா கட்டிக்கொண்டே இருக்கிறேன்.
எந்த இறுக்கத்தில் நரம்பு எழும்பும்
எதில் முகம் சுளிக்கும்
என் விரலுக்குத் தெரியும்.
ஆனால் அது ஒரு நிமிஷக் கட்டு.

மாடி வீட்டு மெகராஜ்
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் தையல் லைன்.
இன்ச் டேப்பைச் சில்லறைமேல் ஓட்டினாள்.
கழுத்து பதிமூன்று. நெஞ்சு இருபத்துநாலு.
கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பதினாறு.
"இங்கதான்க்கா விஷயம்.
இங்க மூணாவது பட்டை ஒண்ணு போட்டா
அம்மாம் பெரிய நெஞ்சு
இம்மாம் வளையத்துல எப்படி வரும்?"

நைலான் பட்டை. இரட்டைத் தையல்.
கக்கத்தில் உரசாமலிருக்க
உள்பக்கம் ஆட்டுத்தோல் துண்டு.
அரைமணி நேரம் அதை நக்கிப் பார்த்துத்தான்
சில்லறை உடம்பைக் கொடுத்தது.
"ரெண்டு விரல் உள்ள போவணும்.
மூணாவது போவக் கூடாது."
யார் விரல் என்று கேட்டேன்.
ஊசி ஏறி ஏறித் தடித்த தன் விரலையும்
என் விரலையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.
"நடத்தப்போறது நீதானே."

ஞாயிறு சாயங்காலம், காட்பாடி மேம்பாலம் ஏறும் இடம்.
கீழே ரயில் ஊதியது.
ஊன்றியது. தலையை உள்ளிழுத்தது.
ஒரு முழங்கை.
வரவில்லை.
இன்னொரு தடவை.
மூணாவது பட்டை விலாவுக்குப் பின்னால்
பிடித்துக்கொண்டு நின்றது.

சில்லறை நிமிர்ந்து பார்த்ததில் கோபமில்லை.
நாலு தடவை கூட்டியும்
கணக்கு உதைக்கிறவர் முகம்.
இத்தனை நாள் இது தன் பயத்தையும்
கூடவே எடுத்துக்கொண்டு போய்விடும்.
இன்று போக வழியில்லாமல்
அது வார் வழியாக ஏறி
என் மணிக்கட்டில் நடுங்கியது.
மெகராஜ் தையலைக் குறைசொல்ல முடியாது.

நடைபாதையில் அப்படியே உட்கார்ந்தேன்.
ஸ்கூட்டர்காரர் ஒருவர் என்னவோ சொல்லிவிட்டுப் போனார்.
நெஞ்சுப் பட்டைக்கு அடியில் இரண்டு விரலை விட்டேன்.
சரியாகப் போயிற்று.
நாடி பார்த்துப் பழகிய விரல்கள்.
எண்ணவில்லை.
கீழே போவது சரக்கு வண்டி,
பெட்டிகள் முடிகிற பாடாக இல்லை.